கார்க்கு என்னைப் பாத்து மட்டும் குரைக்கும்

உக்காருங்க சார். படம் எடுத்தாச்சு, கம்ப்யூட்டர்ல ஏத்துறதுக்குள்ள கரண்டு போயிருச்சு. இப்ப வந்துரும். இல்லாட்டி செத்த நேரம் ஆகும். அவசரமா? பாஸ்போர்ட் ஆபீசு எங்கயும் ஓடிப்போயிராது சார். உக்காருங்க, அந்த ஸ்டூலு ஆடும், இங்குட்டு பெஞ்சுல உக்காருங்க.

அந்தப் படத்தையா பாக்குறீங்க? நெனச்சேன். கல்யாணம், காதுகுத்து, சடங்குண்டு செவுரு பூரா மாட்டி வச்சிருக்கேன், ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. கடைக்குள்ள காலை வச்சா நேரா அந்த நாய் மேலதான் கண்ணு போகும். பல்லைப் பாருங்க. அந்த மூக்கு சுருங்கியிருக்கிறதைப் பாருங்க. என்னா ஒரு கம்பீரம்! அதான் சார் கார்க்கு.

கார்க்கைத் தெரியாதா? நீங்க எந்த ஊரு? ஓ, திருவாரூரு பக்கமா. அதான் தெரியல. இங்க கம்பத்துல வந்து கார்க்கு யாருண்டு கேட்டா உங்களை ஒரு மாதிரியாப் பாப்பாங்க.

இங்கருந்து மலையடிவாரத்துக்குப் போனா பாறைக்களம்ண்டு ஒரு ஊரு. அங்க ஒயின் கம்பெனி ஒண்ணு இருக்கு. சுத்தி பூரா திராட்சைப் பந்தல். திராட்சையை அரைச்சு, பெரிய பெரிய தொட்டியில ஊற வச்சு, பீப்பாயில அடைச்சுப் போட்டுருவாங்க. மெட்ராசு, பெங்களூருலருந்தெல்லாம் ஆளுக வந்து சுத்திப் பாத்துட்டுப் போவாங்க. நான் குடிக்க மாட்டேன் சார். வாயில வச்சது கூடக் கிடையாது. எங்க ரசிகர் மன்றத்துல முக்காவாசிப் பேரு அப்பிடித்தான். நாங்க அங்க போறது ஒயினுக்கு இல்ல, கார்க்குக்கு.

சாதாரண நாட்டு நாய்தான். செவலை, நெஞ்சுல மட்டும் வெள்ளை. ஒரு காது நிக்கும், ஒரு காது விழுந்து கெடக்கும். பாட்டில்ல அடைச்ச கார்க்கு மூடியைப் புடுங்குற சத்தம் கேட்டாப் போதும், எங்க தூங்கிக்கிட்டு இருந்தாலும் எந்திரிச்சு வந்து அந்த மூடியை வாயில வாங்கிக்கும். அதான் கார்க்குண்டு பேரு. வெளியூர்க்காரங்க வந்தா இதுதான் முன்னாடி நடக்கும். கம்பெனி ஆளு பின்னாடி விளக்கம் சொல்லிக்கிட்டே வருவான், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. எந்தத் தொட்டிகிட்ட நிக்கணும், எந்தப் பீப்பாகிட்ட நிக்கணும்ண்டு எல்லாம் அதுக்குத் தெரியும். அழுகுற புள்ளைக இருந்தா பக்கத்துல போய் உக்காந்துக்கும். யாரையும் பாத்துக் குரைச்சது கிடையாது. கடிச்சது கிடையாது. தபால்காரரைக் கூட வாலாட்டிக் கூட்டிட்டு வரும்ண்டாப் பாத்துக்கங்க.

என்னைப் பாத்து மட்டும்தான் குரைக்கும்.

சிரிக்காதீங்க. அதுல ஒரு அர்த்தம் இருக்கு, சொல்றேன்.

மொதமொத நான் அங்க போனது மிசினைப் படம் எடுக்க. புதுசா அரைக்கிற மிசினு வாங்கியிருக்காங்க, அதைப் படம் பிடிக்கணும்ண்டு கூப்பிட்டாங்க. நான் கேட்டுக்குள்ள நுழைஞ்சு, வணக்கம் சொல்லிட்டு, இங்க பொறுப்பு யாரு, கரண்டு பாயிண்டு எங்க இருக்கு, மிசினை யாரு தொடச்சது, இம்புட்டுத் தூசியா இருந்தா படம் எப்பிடி வரும், வெளிச்சத்துக்கு எதிர்ல கொண்டு போய் நிப்பாட்டியிருக்கீங்களேண்டு கேட்டுக்கிட்டே போறேன். எங்க இருந்துதான் வந்துச்சோ! பீப்பாய்க்கு அடியில இருந்து கெளம்பி வந்து என் முன்னாடி நின்னு குரைக்குது. வள் வள்ளுண்டு இல்ல, தொண்டை கிழியிற மாதிரி. செக்யூரிட்டி கருத்தக்கண்ணன் ஓடி வந்தான். "அண்ணே, இது குரைச்சு நான் பாத்ததே இல்லண்ணே! இதுக்குக் குரைக்கத் தெரியும்ங்கிறதே இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்"ண்டான்.

அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு சார். ஊர்ல உள்ள எல்லாரையும் அது விருந்தாளியாப் பாக்குது. விருந்தாளிகிட்ட யாராவது சத்தம் போடுவாங்களா? சொந்தக்காரங்கிட்டதான் போடுவாங்க. உரிமை இருக்கிற இடத்துலதான் சத்தம் வரும்.

அண்ணைக்கு எடுத்த படம்தான் இது. கடைக்கு முன்னாடி பெருசாப் போட்டு, "மலையடிவாரத்துச் சிங்கம்"ண்டு எழுதி வச்சேன். அம்புட்டுத்தான். ஒருத்தன் செல்லுல பிடிச்சு வாட்சப்புல போட்டான். போடி, தேனி, உசிலம்பட்டிண்டு படம் போகுது. ஞாயித்துக்கிழமை ஆனா கூட்டம் கூட்டமாப் பாறைக்களத்துக்குக் கெளம்பிட்டாங்க, சிங்கத்தைப் பாக்க. போனா அது மல்லாக்கப் படுத்து வயித்தைக் காட்டும். அதுல இன்னும் சொக்கிப் போயிட்டாங்க. ஆக, யாரால சார் இம்புட்டுப் பேரு? சொல்லுங்க. நான் சொல்லக் கூடாது.

அப்பறம் மன்றம் ஆரம்பிச்சேன். "கார்க்கு தலைமை ரசிகர் மன்றம், கம்பம் பள்ளத்தாக்கு." தலைவர் நான். தேர்தலெல்லாம் எதுக்கு? மன்றத்தை ஆரம்பிச்சவன்தான தலைவரு. ஞாயித்துக்கிழமை காலையில கேட்டுக்கு முன்னாடி கூடுவோம். நான் கொஞ்ச நேரம் பேசுவேன். நாய்க்கும் மனுசனுக்கும் உள்ள உறவு, ரசிகனோட கடமை, குப்பை போடக் கூடாது, இப்பிடி. நான் பேச ஆரம்பிச்சா அதுவும் குரைக்க ஆரம்பிக்கும். நான் முடிக்கிற வரைக்கும் குரைக்கும். கைதட்டுற மாதிரி சார். வேற எந்த மன்றத் தலைவனுக்கு இந்தக் கொடுப்பினை இருக்கு?

அங்கதான் வந்து சேந்தாக ஜெசிந்தா டீச்சர்.

ராயப்பன்பட்டிக்காரவுக. கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவுக. பள்ளிக்கூடத்துல கத்திக் கத்தித் தொண்டை போயிருச்சுண்டு, வந்தா ஒரு வார்த்தை பேச மாட்டாக. ஒரு ஓரமா உக்காந்துக்குவாக. இந்த நாய் என்னா செய்யும்? நேராப் போய் அவுக மடியில தலையை வச்சுப் படுத்துக்கும். நான் இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்கேன், அது அங்க படுத்துக்கிட்டே என்னைப் பாத்துக் குரைக்குது. டீச்சர் பையில பிஸ்கட்டு இருக்குண்டு எனக்குச் சந்தேகம். ஒரு நாள் நேராவே கேட்டேன். "டீச்சர், லஞ்சம் குடுத்து ரசிகரா இருக்கிறது நம்ம மன்றத்துக்கு அழகில்ல"ண்டேன். அவுக பையைத் தலைகீழாக் கவுத்துக் காட்டினாக. கண்ணாடிக் கூடும் ஜெபமாலையும்தான் விழுந்துச்சு. ஆனாலும் எனக்குச் சந்தேகம் தீரல.

இப்பிடி ஓடிக்கிட்டு இருந்தப்ப கம்பெனி மேடம் கோயமுத்தூர்லருந்து வந்தாங்க. புது ஒயின் ஒண்ணு போடப் போறாங்களாம், பாட்டில் மேல கார்க்கு படத்தை ஒட்டப் போறாங்களாம். எனக்கு நெஞ்சு விம்மிருச்சு சார். நான் குடிக்காதவன்தான், ஆனா என் படம் பாட்டில் பாட்டிலா ஊர் ஊராப் போகுதுண்டா? இருந்த படத்தை அம்புட்டையும் கொண்டு போய் மேசையில பரப்புனேன். மேடம் ஒண்ணொண்ணாப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க.

"எல்லாத்துலயும் பல்லைக் காட்டுதே சார்"ண்டாங்க.

"சிரிக்குது மேடம்."

"இதுல காலைத் தூக்கிக்கிட்டுப் பாயுதே?"

"அது சந்தோசம் மேடம்."

"இந்தப் பாட்டிலை வீட்டுக்கு வாங்கிட்டுப் போகணும் சார். இதைப் பாத்தா மூடியைத் தொறக்கவே பயப்படுவாங்க"ண்டுட்டாங்க. கார்க்கு சாதுவா, அதோட சுபாவப்படி இருக்கிற மாதிரி ஒரு படம் வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள யாரு குடுத்தாலும் வாங்கிக்கிறேன்ண்டும் சொல்லிட்டுப் போயிட்டாங்க.

யாரு குடுத்தாலுமா? மன்றத் தலைவன் நான் இருக்கேன், தொழில்காரன். டீச்சர்கிட்ட ஒரு செல்லு இருக்கு, அதுல எடுத்தாக் கை நடுங்கி நாய்க்கு நாலு காது தெரியும். அதனால டீச்சரை நெனச்சு எனக்குப் பயமில்ல. என் கவலையெல்லாம் கார்க்குதான். நான் கேமராவைத் தூக்கிக்கிட்டு, "கார்க்கு, இங்க பாருடா, அசையாத, காதை இறக்கு, மூஞ்சியை வெளிச்சத்துக்குத் திருப்பு"ண்டு சொல்லிக்கிட்டுப் பக்கத்துல போனாலே ஆரம்பிச்சுரும்.

ஒக்காந்து யோசிச்சேன். நான் போடுற ஜவ்வாதா இருக்குமோண்டு ஜவ்வாதை விட்டுப் பாத்தேன். குரைச்சுச்சு. மீசையா இருக்குமோண்டு, இருபது வருசமா வளத்த மீசையை எடுத்துட்டுப் போனேன் சார். குரைச்சுச்சு. கருத்தக்கண்ணன் மட்டும் "யாருண்ணே நீங்க?"ண்டு கேட்டான். அப்பத்தான் ஒரு விசயம் கவனிச்சேன். திராட்சை பறிக்க வர்ற பொம்பளைக கிட்ட அது குழைஞ்சுக்கிட்டே கெடக்கு. டீச்சரும் பொம்பளை. மேடமும் பொம்பளை. சரி, இது சேலைக்கு மரியாதை குடுக்குற நாய்ண்டு முடிவு பண்ணேன்.

எங்க வீட்டம்மா தவமணி அந்தச் சமயம் போடியில இருந்துச்சு. அதோட தம்பி புது வீடு பால் காய்ச்சுனான். பீரோ சாவி என்கிட்ட. தொறந்து பாத்தா மேல இருந்தது ஒரு கிளிப்பச்சைச் சேலை. மாம்பழ மஞ்சள் பார்டரு, ஒடம்பு பூரா மயிலு. முந்தானையில ஒரு எடத்துல இஸ்திரிப்பொட்டி சுட்டு ஓட்டையாகி, அதுல தவமணியே ஒரு செவப்புப் பூவு தச்சிருந்துச்சு. எனக்கு அதெல்லாம் அப்ப கண்ணுல படல. கைக்கு வந்ததை எடுத்தேன்.

வேலைக்குப் போற பொம்பளைக சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை போட்டுக்குவாங்கள்ல, அது மாதிரி நானும் என் சட்டையைப் போட்டுக்கிட்டேன். முந்தானையை முதுகு மறைய இழுத்துத் தலைக்கு முக்காடு. கூடையில துண்டுக்கு அடியில கேமரா. பின்பக்கம் ஓடை வழியாப் பந்தலுக்குள்ள போயிட்டேன். வேலையாளுக டீ குடிக்கப் போன நேரம். ஒரு விசயத்துல மட்டும் உசாரா இருந்தேன். என் குரலு இந்தப் பள்ளத்தாக்கு பூராத் தெரியும் சார், ஒரு தும்மல் போட்டாக் கூட சென்றாயன்ண்டு கண்டுபிடிச்சுருவாங்க. அதனால வாயை இறுக்கி மூடிக்கிட்டு ஒரு பந்தல் காலுகிட்ட உக்காந்தேன்.

வந்துச்சு சார்.

தூரத்துலருந்து பாத்துச்சு. நான் கண்ணை மூடிக்கிட்டேன். இப்பக் குரைக்கும், இப்பக் குரைக்கும்ண்டு இருக்கேன். மோந்து பாக்குற சத்தம் கேக்குது. கையை மோந்துச்சு, சேலையை மோந்துச்சு. அப்பறம் என் கைக்கு அடியில தலையைக் குடுத்து ஒரு முட்டு முட்டுச்சு. "தடவு"ங்குது. தடவுனேன். ஒரு பெருமூச்சு விட்டுச்சு பாருங்க, மனுசன் பஸ்ஸுல எடம் கெடச்சு உக்காந்தா விடுவான்ல, அப்பிடி. மடியில படுத்துக்கிச்சு. விழுந்த காதைத் தொட்டுப் பாத்தேன். வெல்வெட்டு மாதிரி இருந்துச்சு. மன்றத் தலைவன், இம்புட்டு நாளா அந்தக் காதைத் தொட்டதில்ல சார் நான்.

அழுதுட்டேன். சொன்னா என்ன, அழுதுட்டேன். கேமரா கூடையில கெடக்கு. கையை எடுத்தா அது எந்திரிச்சுருமேண்டு எடுக்கவே இல்ல. படம் எடுக்கப் போனவன் படமே எடுக்காம, தானா அது எந்திரிச்சுப் போற வரைக்கும் உக்காந்திருந்துட்டு வந்தேன். சேலையை மடிச்சுப் பீரோவுல வச்சுட்டேன். ஒருத்தருக்கும் தெரியாதுண்டுதான் நெனச்சேன்.

வெள்ளிக்கிழமை மேடம் போன் பண்றாங்க. "சார், அருமையான படம் கெடச்சுருச்சு! ஜெசிந்தா டீச்சர் அனுப்பியிருக்காங்க. யாரோ வேலைக்கு வர்ற அம்மா, மடியில கார்க்கு தூங்குது. முதுகுப் பக்கம்தான் தெரியுது, ஆனா என்னா ஒரு தாய்மை!"

போனை இந்தக் காதுலருந்து அந்தக் காதுக்கு மாத்துனேன்.

டீச்சர் கை அண்ணைக்குப் பாத்து நடுங்கல சார். என் நேரம். பந்தல் வழியா நடந்து வந்தவுக, இந்தக் காட்சியைப் பாத்து, தொந்தரவு பண்ணக் கூடாதுண்டு தூரத்துல நின்னு ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டுப் போயிட்டாக. இதுல கொடுமை என்னண்டா, மேடத்துக்கு அந்தம்மாவைக் கண்டுபிடிக்கணுமாம். பாட்டில் வெளியீட்டு விழாவுல மேடையில ஏத்தி, கிரைண்டர் குடுக்கணுமாம். "நீங்கதான சார் தலைவர், நீங்களே தேடிக் குடுங்க"ண்டுட்டாங்க.

நான் என்னா செய்ய? முடியாதுண்டா சந்தேகம் வரும். தேடுனேன். என்னைத் தேடுறதுக்கு நானே கமிட்டி போட்டேன். பெரிய பிளக்ஸு அடிச்சேன், என் கடையிலயே அடிச்சேன். "இந்தத் தாய் யார்? தகவல் தெரிந்தவர்கள் தலைவர் சென்றாயனை அணுகவும்"ண்டு போட்டுப் பஸ் ஸ்டாண்டுல கட்டுனேன். அம்சமா வந்திருந்துச்சு. கலரெல்லாம் எடுப்பா, மயிலு ஒண்ணொண்ணும் தனித்தனியாத் தெரியும். முந்தானையில செவப்புப் பூ, தட்டு மாதிரி.

கரண்டா? ஆமா, வந்துருச்சு, வந்துருச்சு. இந்தா முடிச்சுட்டுப் பிரிண்டு போட்டுறேன். உக்காருங்க சார்.

தவமணி போடி பஸ்ஸுல வந்து எறங்குது. எறங்குன எடத்துலயே பிளக்ஸு. வீட்டுக்குப் போகாம நேரா இங்க கடைக்கு வந்துச்சு. கையில பையி, பையில பலகாரம், மூஞ்சி மட்டும் சரியில்ல.

"யாரு அவ?"ண்டுச்சு.

"எவ?"

"என் சேலையைக் கட்டிக்கிட்டு நாயைக் கொஞ்சுறாளே, அவ."

"எனக்கென்ன தெரியும், அதான் தேடிக்கிட்டு இருக்கோம்ல"ண்டேன்.

"பீரோ சாவி உங்ககிட்ட இருந்துச்சு. என் சேலை அவ ஒடம்புல இருந்துச்சு. தேடுறீகளா? ஊருக்கே பிளக்ஸு வச்சுத் தேடுறீகளா?" அப்பறம் பஸ் ஸ்டாண்டுல பிளக்ஸு இருக்கிற பக்கம் கையைக் காட்டிக் கேட்டுச்சு சார், அதைத்தான் என்னால மறக்க முடியல. "கட்டில் அகலத்துக்கு முதுகு. இடுப்புண்டு ஒண்ணு இருக்கா? எதைப் பாத்துய்யா மயங்குன?"

அந்த நேரத்துலயும் எனக்குக் கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு. அம்புட்டு மோசமா இல்ல சார் என் முதுகு.

சொல்லியிருக்கலாம். இப்ப எல்லாரும் கேக்குறாங்க, அப்பவே சொல்லியிருக்கலாமேண்டு. எப்பிடிச் சொல்ல? மன்றத் தலைவரு பொம்பளை வேசத்துல பந்தலுக்குள்ள உக்காந்திருந்தார்ண்டு வெளிய வந்தா அடுத்த ஞாயித்துக்கிழமை எவன் என் பேச்சைக் கேப்பான்? தவமணி வீட்டுக்குப் போச்சு, பீரோவைத் தொறந்துச்சு. சேலை தப்பா மடிச்சிருக்கு, அதுல செவலை முடி ஒட்டியிருக்கு. சேலையைப் பையில போட்டுக்கிட்டு அடுத்த பஸ்ஸுலயே போடிக்குத் திரும்பிருச்சு. பலகாரத்தைக் கூட வச்சுட்டுப் போகல.

வீட்டுல சோறு இறங்கல சார். ஓட்டல்ல வாங்கித் திங்கிறேன், ருசி தெரியல. போன் பண்ணுனா மச்சினன்தான் எடுக்குறான். "மாமா, அக்கா பேச மாட்டேங்குது. நீங்க அந்தப் பொம்பளை பேரை மட்டும் சொல்லிருங்க, நாங்க வந்து நல்ல விதமாப் பேசிக்கிறோம்"ங்கிறான். என்னண்டு சொல்ல?

விழா அண்ணைக்குக் கம்பெனியில ஊர்ப்பட்ட கூட்டம். பந்தல், தோரணம், கார்க்குக்குக் கழுத்துல ரோசாப்பூ மாலை. பாதியை அது தின்னுருச்சு. மேடையில பாட்டிலு வரிசையா நிக்குது, எல்லாத்துலயும் என் முதுகு. நான்தான்யா அந்தத் தாய்ண்டு சொல்லிக்கிட்டு அஞ்சாறு பொம்பளைக வந்திருந்தாங்க. கிரைண்டரு சும்மாவா? மேடம் சொன்னாங்க, கார்க்கையே விடுவோம், அது யாரு மடியில படுக்குதோ அவங்கதான்ண்டு. விட்டாங்க. அது எல்லாரு மடியிலயும் படுத்துச்சு. ஒரு கெழவரு மடியிலயும் படுத்துட்டு வந்துச்சு.

சரி, நெலமையைச் சமாளிப்போம்ண்டு நான் மைக்கைப் பிடிச்சு, "பெரியோர்களே, தாய்மார்களே"ண்டு ஆரம்பிச்சேன். கார்க்கு மேடைக்குக் கீழ நின்னு வழக்கம் போல ஆரம்பிச்சுருச்சு. நானும் விடல, அதுவும் விடல. அந்தச் சத்தத்துல கூட்டம் ரெண்டா விலகுது. பாத்தா தவமணி. பின்னாடி தம்பி. நேரா மேடைக்கு ஏறி வந்து என் கையிலருந்து மைக்கை வாங்கிச்சு. பையிலருந்து சேலையை எடுத்து ஒதறி, எல்லாருக்கும் தெரியிற மாதிரி தூக்கிப் பிடிச்சுச்சு.

"இது என் சேலை. இதைக் கட்டுனவ இங்க இருந்தா முன்னாடி வா."

கிரைண்டருக்கு வந்த பொம்பளைக ஒவ்வொண்ணா நழுவிருச்சுக. நாயி மட்டும் என்னைப் பாத்துக் குரைச்சுக்கிட்டே இருக்கு. "தவமணி, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு, இதுல என்ன நடந்துச்சுண்டா, ஒரு நிமிசம்"ண்டு நான் என்னென்னமோ சொல்றேன். தவமணி என்னைத் திரும்பிப் பாத்துச்சு சார். கண்ணு ரெண்டும் வீங்கிப் போயிருக்கு. கோவத்துல வந்திருக்குண்டுதான் நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். கோவம் இல்ல சார் அது. அழுது அழுது வந்த மூஞ்சி.

மன்றமாவது மண்ணாங்கட்டியாவதுண்டு ஆயிருச்சு எனக்கு. அது கையிலருந்து சேலையை வாங்குனேன். மேடைக்குப் பின்னாடி பேனர் மறைப்புக்குப் போய், பேண்டு சட்டைக்கு மேலயே சுத்திக்கிட்டேன். முக்காடு போட்டேன். வெக்கத்துல வாயைத் தொறக்கல. அப்பிடியே வெளிய வந்து மேடைக்கு நடுவுல முதுகைக் காட்டி உக்காந்தேன்.

குரைப்பு நின்னுச்சு.

மேடையில ஏறி வர்ற சத்தம் கேட்டுச்சு. மோந்து பாத்துச்சு. கைக்கு அடியில தலையைக் குடுத்து முட்டுச்சு. பெருமூச்சு விட்டுச்சு. மடியில படுத்துக்கிச்சு. படத்துல உள்ள மாதிரி, அச்சு அசல்.

மேடம் மெதுவா, "சார்... நீங்களா?"ண்டாங்க. தலையை ஆட்டுனேன். கருத்தக்கண்ணன் பின்னாடியிருந்து ஒரு விசில் அடிச்சான் பாருங்க, மலையில எதிரொலி கேட்டுச்சு. அப்பறம் கைதட்டலு. நான் யாரையும் பாக்கல. தவமணி என் முன்னாடி வந்து நின்னுச்சு. நாயைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு, மீசையில்லாத மூஞ்சியைப் பாத்துச்சு, இடுப்பைப் பாத்துச்சு.

"கொசுவத்தை ஏன் பின்னாடி சொருகியிருக்கீக?"ண்டு கேட்டுச்சு.

கேட்டுட்டு அப்பிடியே மேடையில உக்காந்துருச்சு. சிரிக்குது, சிரிக்குது, மூச்சு வாங்க முடியல, மச்சினன் தண்ணி கொண்டாந்து குடுக்குறான். இடையில ஒரு தடவை கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "இந்த முதுகைப் போயி எவளோடதோண்டு நெனச்சேனே, தெனம் பாக்குற முதுகு"ண்டுச்சு. திரும்பவும் சிரிப்பு. ஜெசிந்தா டீச்சரு சிரிச்சு அண்ணைக்குத்தான் நான் பாத்தேன்.

கிரைண்டரு வீட்டுக்கு வந்துருச்சு. தவமணியும் வந்துருச்சு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சுண்டு நெனப்பீங்க. எங்க சார்? அடுத்த ஞாயித்துக்கிழமை மன்றக் கூட்டம். தவமணியும் வரேன்ண்டு வந்துச்சு. நான் பேச எந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஜெசிந்தா டீச்சர் எந்திரிச்சு, இனிமே தவமணி தலைவியா இருக்கட்டும்ண்டாக. இம்புட்டு நாளா வாயைத் தொறக்காதவுக, தொறந்தாக, என் பதவி போச்சு. எல்லாரும் கையைத் தூக்கிட்டாங்க. கருத்தக்கண்ணன் ரெண்டு கையையும் தூக்குறான். மன்றத்துல உறுப்பினரு கூட இல்ல அவன். என்னை "நிறுவனர்" ஆக்கிட்டாங்க. நிறுவனருக்குப் பேச்சு கிடையாதாம். இதுதான் சார் என் ஆதங்கம். ஆரம்பிச்சவன் ஒருத்தன், அனுபவிக்கிறது ஒருத்தி.

அது கூடப் போகட்டும். தவமணி புதுசா ஒண்ணு சொல்லிக்கிட்டுத் திரியுது. "அந்த நாய்க்குச் சேலையும் தெரியாது ஒண்ணும் தெரியாது. சேலை கட்டுன ரெண்டு தடவையும் நீங்க வாயைத் தொறக்கல. அம்புட்டுத்தான்"ங்குது. கேளுங்க சார் இதை. நான் என்ன அப்பிடிப் பேசுறவனா? இம்புட்டு நேரம் இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க. இல்ல, எந்திரிக்காதீங்க, சொல்லி முடிச்சுர்றேன்.

சரிதான், அதையும் பாத்துருவோம்ண்டு போன வாரம் தவமணியைப் பாறைக்களத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். இதே பேண்டு, இதே சட்டை. பந்தலுக்குள்ள போய் அதே காலுகிட்ட உக்காந்தேன். வாயைத் தொறக்கல. தவமணி அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கிட்டு நிக்குது. கார்க்கு வந்துச்சு. மோந்துச்சு. தலையைக் குடுத்து முட்டி, மடியில படுத்துச்சு. பேண்டு போட்ட மடியில சார்! எனக்குச் சந்தோசம் தாங்க முடியல. "பாத்தியா தவமணி, நான் பேசுறதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லண்டு அப்பவே சொன்னேன்ல"ண்டு ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

எந்திரிச்சு நின்னு குரைச்சுச்சு பாருங்க, அப்பிடி ஒரு குரைப்பு இண்ணைக்கு வரைக்கும் குரைச்சதில்ல.

அப்பத்தான் சார் எனக்கு உண்மை வெளங்குச்சு. பாவம், தவமணிகிட்ட இன்னும் சொல்லல, மனசு கஷ்டப்படும். அந்த நாய்க்குத் தவமணியைக் கண்டாலே ஆகாது.